சிறுப்பிட்டித் தாமோதரனார் குடிவரலாறு

நம் சங்கத்து அன்பர் பலர் தத்தம் குடும்ப வரலாறுகளை எழுதி இவ்விதழுக்கு விடுத்து வருகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் அவற்றுட் பல, பாட்டனார் வகித்த உத்தியோகம், பெற்ற பட்டம், வாங்கிய நன்செய் என்னும் அளவிலே நின்றுவிடுகின்றன. வக்கீலாகவும் நியாயாதிபதியாகவும் விளங்கிய ஒருவரது குடிவரலாறு வேறெவ்வாறு அமையலாம் என்பதற்கு இராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களை இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியென்னும் சிற்றூரில், வைரவநாதருக்கும் பெருந்தேவியம்மையாருக்கும் மகனாராக 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் இவர் தோன்றினார். பெயர்முன் நிற்கும் ஈரெழுத்துக்கும் ஊரும் தந்தையுமே பொருளெனத் தமிழர் விரித்துரைப்பர். தமிழைத் தந்தையாரிடத்தும் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தும் பயின்றார். ஆங்கிலக் கல்வி வட்டுக்கோட்டைச் செமினரியிற் கிடைத்தது. பின்னர்ச் சென்னை சேர்ந்து, 1857இல் நிறுவப்பெற்ற சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவர் இவர்தம் ஆசிரியரான விசுவநாத பிள்ளை! ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே பட்டம் பெற்ற இச்செய்தியை வகுப்பிற் சொல்லுந்தோறும் பிள்ளைகள் நகைப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம், 1871இல் பி. எல். பட்டம், ஓய்வுக்குப்பின் கும்பகோணத்தில் வக்கீல் தொழில், 1887 முதல் புதுக்கோட்டையில் நியாயாதிபதி, 1895இல் இராவ்பகதூர். இவ்வளவோடு நிறுத்தினால் அது உத்தியோகக் குறிப்பேயன்றி வரலாறாகாது.

கறையானும் இராமபாணப் பூச்சியும் தின்று மிகுந்த ஏடுகளை ஊரூராகத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனாரகப்பொருளுரை, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அச்சேற்றினார். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சுவாகனம் ஏறியது அக்கலித்தொகையே. முரண்பட்ட சாட்சிகளை நிறுத்து உண்மை காணும் பயிற்சி, பாடபேதங்களுக்கிடையே தடுமாறும்போது அவருக்குத் துணைநின்றிருக்கும் என்றே எண்ணுகின்றோம். பிழையில்லாதவரல்லர். பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரையென்றே பதிப்பித்தார். பின்னுள்ள இயல்களிற் பேராசிரியர் உரை கலந்திருப்பதைப் பிற்காலத்தார் ஆராய்ந்து தெளிந்தனர். ஆயின், அவர் அச்சிட்டிராவிடின் ஆராய்தற்கு நூல் ஏது?

இனி வீட்டினுட் புகுவோம். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த பிள்ளையவர்கள் சைவந் தழுவிச் 'சைவ மகத்துவம்' என்னும் நூலும் இயற்றினார். அவர்தம் மைந்தர் அழகசுந்தரனாரோ கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி எனப் பெயர் பூண்டு போதகரானார். தந்தை விட்ட வழியை மகன் மேற்கொண்டார். தந்தை மேற்கொண்டதை மகன் விட்டார். குடும்ப வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்தலே வழக்கம். அஃது அடாது. மறைப்பின், அடுத்து நிகழ்ந்ததும் உடன் மறையும்.

பிள்ளையவர்கள் 1901 ஜனவரி முதல் நாளிற் காலமானார். இருபதாண்டு கழிந்து, 1921இல், பெங்களூர்க் கிறித்தவ இறையியற் கல்லூரியிலிருந்த கிங்ஸ்பெரியார், பிலிப்ஸ் என்னும் துரையோடு சேர்ந்து ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். தேவார திருவாசகங்களிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்களின் மொழிபெயர்ப்பு அது.