பள்ளிக்கூடத்துக்கே வந்து ராணுவத்துக்கு ஆள் எடுக்கலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் ஓட்டுப் போட 18 வயது ஆகணும். மது வாங்க 21 வயது ஆகணும். ஆனால் அப்பா, அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் 17 வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்துவிடலாம். அந்த 17 வயதுப் பிள்ளையைத் தேடி ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அதிகாரிகள் உயர்நிலைப் பள்ளிக்கே வருகிறார்கள். அவர்கள் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரை பள்ளியே எடுத்துக் கொடுக்கிறது.

இது சட்டப்படி சரியா? பெற்றோர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

ராணுவத்துக்குப் பள்ளி ஏன் முக்கியம்?

வியட்நாம் போர்க் காலம் வரை அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. 1973ல் அது முடிவுக்கு வந்தது. அதிலிருந்து, விரும்பி வருபவர்களை மட்டுமே படையில் சேர்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கில் புது ஆட்களைத் தேடியாக வேண்டும்.

இது சுலபமான வேலை இல்லை. 2022ல் தரைப்படையின் இலக்கு 60,000 பேர். அதில் சுமார் 15,000 பேர் குறைந்துபோனார்கள். 17 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 77 சதவீதம் பேர், சிறப்பு விலக்கு இல்லாமல் சேரத் தகுதி பெற மாட்டார்கள் என்று பென்டகனின் 2020ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. உடல் பருமன், போதைப்பொருள் பழக்கம், உடல், மனநலப் பிரச்சினைகள் எல்லாம் காரணம். மிச்சம் இருப்பவர்களை மொத்தமாக ஒரே இடத்தில் பார்க்கணும்னா, அது பள்ளிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. மத்திய அரசின் கல்வி நிதி வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவம் கேட்டால் மாணவர்களின் தொடர்பு விவரங்களைக் கொடுக்க வேண்டும். கல்லூரிகளையும் வேலை கொடுக்கும் நிறுவனங்களையும் பள்ளிக்குள் எந்த அளவுக்கு விடுகிறார்களோ, அதே அளவுக்கு ராணுவத்தையும் விட வேண்டும். மறுத்தால் நிதிக்கே ஆபத்து.

2015ல் அதிபர் ஒபாமா காலத்தில் புதுக் கல்விச் சட்டம் வந்தது. அதிலும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. அதாவது இரண்டு கட்சி ஆட்சியிலும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

பெற்றோர் மறுக்கலாமா?

மறுக்கலாம். 'என் பிள்ளையின் விவரத்தை ராணுவத்துக்குக் கொடுக்காதீர்கள்' என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தால் போதும். 18 வயதான மாணவரே எழுதிக் கொடுக்கலாம். இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று பள்ளி தெரிவிக்கவும் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். கல்வியாண்டின் தொடக்கத்தில் வீட்டுக்கு வரும் காகிதக் கட்டில் இந்த அறிவிப்பும் ஒன்றாக இருந்தால், எத்தனை பெற்றோர் கவனிப்பார்கள்? இங்கிலீஷ் சரளமாக வராத குடும்பங்களுக்கு இன்னும் கஷ்டம்.

வகுப்பறைக்குள் வேறு என்ன நடக்கிறது?

ஒன்று, 'ஆஸ்வாப்' என்ற திறனறித் தேர்வு. எந்த வேலைக்குப் பொருத்தம் என்று தெரிந்துகொள்ள உதவும் தேர்வாகப் பள்ளிகளில் இலவசமாக நடத்தப்படுகிறது. ஆனால் இதே மதிப்பெண்ணை வைத்து ராணுவத்திலும் சேரலாம். மதிப்பெண் தானாக ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குப் போகக் கூடாது என்று 2010ல் மேரிலாந்து மாகாணம் சட்டமே போட்டது.

இன்னொன்று, ஜே.ஆர்.ஓ.டி.சி எனப்படும் மாணவர் படைப் பயிற்சி. 1916ல் தொடங்கிய இது இப்போது சுமார் 3,500 பள்ளிகளில் நடக்கிறது. இதில் படித்தவர் ராணுவத்தில் சேர்ந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனால் சேர்ந்தால் கொஞ்சம் உயர்ந்த பதவி நிலையில் தொடங்கலாம். சில பள்ளிகளில் மாணவர்களைக் கேட்காமலேயே இந்த வகுப்பில் சேர்த்துவிட்டதை 2022ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது.

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

கல்லூரிக்காரர்கள் வரலாம், கம்பெனிக்காரர்கள் வரலாம், ராணுவம் மட்டும் ஏன் வரக் கூடாது என்பது முதல் கேள்வி. சம்பளம், மருத்துவ வசதி, தொழிற்பயிற்சி, கல்லூரிக் கட்டணத்துக்கான உதவி எல்லாம் கிடைக்கும். கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது நிஜமான வழி. அதை மறைப்பதும் அநியாயம்தானே என்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

கல்லூரி பிடிக்கவில்லை என்றால் பாதியில் விட்டுவிடலாம். ராணுவ ஒப்பந்தம் அப்படி இல்லை. செயல் பணியும் ரிசர்வ் காலமும் சேர்த்து வழக்கமாக மொத்தம் 8 வருஷக் கடமை அதில் இருக்கிறது. உயிருக்கும் ஆபத்து உண்டு. இதை எடைபோட 17 வயது போதுமா? வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எடுக்கும் முடிவு உண்மையிலேயே சுதந்திரமான முடிவா? இவைதான் அவர்களின் கேள்விகள்.

குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்துவது குறித்த ஐ.நா. உடன்படிக்கையை அமெரிக்கா 2002ல் ஏற்றது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை நேரடிச் சண்டையில் இறக்காமல் இருக்க இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது அது. பெற்றோர் சம்மதத்துடன் விரும்பிச் சேர்வதை அது தடுக்கவில்லை.

ஊர் மக்கள் தடுக்க முடியுமா?

கலிபோர்னியாவின் ஆர்கேட்டா, யுரேகா ஊர்களில் முயன்று பார்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆள்சேர்ப்பு அதிகாரிகள் தாங்களாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று 2008ல் மக்கள் ஓட்டுப் போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசு வழக்குப் போட்டது. ராணுவ ஆள்சேர்ப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகராட்சிக்கு இல்லை என்று நீதிமன்றம் 2009ல் அதை ரத்து செய்தது. 2010ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்புதான்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால்?

பள்ளியில் படிக்கும்போதே கையெழுத்துப் போட்டு, படிப்பு முடிந்ததும் பயிற்சிக்குப் போகும் முறை உண்டு. இதில் சேர்ந்தவர், பயிற்சிக்குக் கிளம்பும் முன்பு வரை விலகலாம். அதற்குத் தண்டனை கிடையாது. இது தெரியாமல், 'இனி ஒண்ணும் செய்ய முடியாது' என்று நினைத்துக் கிளம்புபவருக்கு அந்த உரிமை இருந்தும் பயனில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். கிரீன் கார்டு உள்ளவர்களும் அமெரிக்க ராணுவத்தில் சேரலாம். அங்கே உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை படித்தால், பள்ளி அனுப்பும் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ராணுவத்தில் சேர்வதும் சேராததும் பிள்ளையும் பெற்றோரும் பேசி எடுக்கவேண்டிய முடிவு. படிக்காமல் விட்ட ஒரு காகிதம் அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கக் கூடாது. 'மறுத்தால் கொடுக்க மாட்டோம்' என்ற விதியை 'சம்மதித்தால் மட்டும் கொடுப்போம்' என்று மாற்றினால், சர்ச்சையில் பாதி அங்கேயே குறையும்.