தேடல் சுருங்க வெட்டும் சுருங்கியது: பாராதைராய்டு அறுவையின் வரலாறும் கந்தக பூமியும்

கந்தக பூமி எனப்படும் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் சிறுநீரகக் கல் என்றால் யாரும் வியப்பதில்லை. வெயில், தண்ணீர் குடிப்பது குறைவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பட்டாசு ஆபீசிலோ தீப்பெட்டி ஆபீசிலோ நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண், இடுப்பும் காலும் குடைகிறது என்றால் அதையும் வேலையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கல்லும் எலும்பு வலியும் ஒரே ஆளிடம் சேர்ந்து நின்றால்தான் கழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

தைராய்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் வழக்கமாக நான்கு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. இரத்தத்தில் கால்சியத்தை ஒரு நிலையில் நிறுத்துவது இவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்து ஹார்மோன் மிகுந்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படும். அது சிறுநீரகத்தில் கல்லாகும். இச்சுரப்பியை முதலில் கண்டது ஓர் இந்திய விலங்கின் உடலில் என்பது ஒரு வேடிக்கை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் இதைக் குறித்துவைத்தார். மனிதரிடம் இருப்பதை ஸ்வீடனின் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் விளக்கி எழுதினார்.

உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழி அறுவையின் வரலாற்றைக் கேமராவின் வரலாறாகவே சொல்வது வழக்கம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. வெட்டைச் சிறிதாக்கியது முதலில் கட்டியின் இடம் கண்டறியும் கலை. கேமரா அதற்குப் பின்னால் வந்தது.

1925இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் மாண்டல் எலும்பு உருகிய ஒரு டிராம் நடத்துநருக்கு அறுவை செய்தார். சுரப்பி குறைந்ததால்தான் எலும்பு உருகுகிறது என்று அப்போது பலர் எண்ணினர். மாண்டலும் முதலில் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார், விபத்தில் இறந்தவரின் சுரப்பியை ஒட்டவும் செய்தார், பலனில்லை. பிறகு கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்ததும் நோயாளி தேறினார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது வேறு கதை. அமெரிக்கக் கப்பல் தலைவர் ஒருவர் அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்லர். உயரமே குறையும்படி எலும்பு கரைந்த அவருக்கு ஆறு அறுவைகள் செய்தும் கட்டி அகப்படவில்லை. 1932இல் ஏழாவது முறை நெஞ்சைத் திறந்தபோதுதான் அது அங்கே இருந்தது. சில வாரங்களில் அவர் இறந்தார். கருவில் இச்சுரப்பிகள் இடம்பெயர்ந்து இறங்குபவை. சில வழிதவறி நெஞ்சுக்குள்ளும் போய்விடும். அதனால் கழுத்தை அகலத் திறந்து நான்கையும் பார்ப்பதே அரை நூற்றாண்டுக்கு மேல் விதியாக இருந்தது.

விதியைத் தளர்த்தியவை இரண்டு. இதயத்தைப் படமெடுக்கப் பயன்பட்ட செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்து பாராதைராய்டு கட்டியிலும் தங்குவதை 1989இல் பிரிட்டன் மருத்துவர்கள் தெரிவித்தனர். அடுத்தது, அறுவை மேசையிலேயே ஹார்மோனை அளப்பது. அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும். கட்டியை எடுத்துப் பத்து நிமிடத்தில் அளவு பாதிக்கு மேல் இறங்கினால் மற்ற மூன்றைத் தேட வேண்டியதில்லை. மயாமியின் ஜார்ஜ் இர்வின் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இதன் பிறகே கேமரா நுழைந்தது. 1996இல் மிஷேல் காக்னர் வெளியிட்ட முதல் உள்நோக்கி அறுவை ஐந்து மணி நேரம் ஓடியது. உள்ளே செலுத்திய கார்பன் டை ஆக்சைடு தோலுக்கடியில் பரவி நோயாளி ஊதிப்போனார். இத்தாலியின் பீசா நகரில் பாவ்லோ மிக்கோலி 1997இல் வாயுவைப் பெரும்பாலும் கைவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டு வழியே மெல்லிய கேமராவை விட்டார். என் மதிப்பில் திருப்புமுனை இதுதான். மார்சேயில் ஷான் பிரான்சுவா ஆன்ரி கழுத்தின் பக்கவாட்டிலிருந்து போனார். ஜப்பானியர் அக்குள் வழி போனார்கள். பாங்காக்கில் கீழுதட்டின் உட்புறமாகவே புகுந்து, கழுத்தில் தழும்பே இல்லாமல் செய்தார்கள். தாலியும் சங்கிலியும் ஏறும் கழுத்தில் தழும்பு என்பது இங்கும் சின்ன விஷயமல்ல, கலியாணமாகாத பெண்ணுக்கு இன்னும் கூடுதல்.

இருந்தும் இந்தியாவில் இந்த அறுவை எல்லாருக்கும் பொருந்தவில்லை. லக்னோ, சண்டிகர், வேலூர் மருத்துவர்களின் வெளியீடுகள் காட்டும் நோயாளி வேறு ஆள்: வயது குறைவு, எலும்பு ஏற்கெனவே முறிந்திருக்கும், தாடையில் கட்டி புடைத்திருக்கும். மேலைநாட்டில் நோய் தெரியாமலே வழக்கமான இரத்தச் சோதனையில் பிடிபடுபவர்தான் அதிகம். இங்கே கட்டி கிராம் கணக்கில் வளர்ந்த பிறகே ஆள் வருகிறார். பெரிய கட்டியைச் சிறு வழியில் இழுத்தால் உறை கிழிந்து செல்கள் சிந்தி, பின்னாளில் பல இடங்களில் முளைக்கலாம். கூடவே தைராய்டு கழலை இருந்தாலும் பழைய வெட்டுதான்.

வெட்டு சிறிதானாலும் எலும்பு கரைந்தவருக்கு ஆஸ்பத்திரி நாட்கள் குறைவதில்லை. கட்டி போனதும் காய்ந்துகிடந்த எலும்பு இரத்தத்துக் கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கும். உதடும் விரல் நுனியும் மரமரக்கும், கை இழுத்துப் பிடிக்கும். மருத்துவர்கள் இதை எலும்பின் பசி என்கிறார்கள். நாட்கணக்கில் நரம்பு வழி கால்சியம் ஏற்ற வேண்டிவரும். அடுத்த ஊரிலிருந்து கூலியை விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்குச் செலவு இந்த நாட்களில்தான் ஏறுகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறைகள் உண்டு. விருதுநகருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இந்த வட்டாரத்துக்கு முதலில் தேவைப்படுவது கேமரா அல்ல, திரும்பத் திரும்பக் கல் வருபவருக்கு ஒரு கால்சியம் சோதனை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பகுதி ஆல்புமினோடு ஒட்டியே திரிகிறது. சத்துக் குறைந்த உடம்பில் ஆல்புமின் தாழ்ந்தால் மொத்த அளவும் தாழ்ந்து காட்டும். வைட்டமின் டி குறைவும் ஏறிய கால்சிய அளவை இறக்கிவிடும். வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலேயே அக்குறைவு பரவலாக இருப்பதைத் திருப்பதி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே காகிதத்தில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டாலும், இரண்டாம் முறை கல்லோடு வருகிற பெண்ணுக்கு ஆல்புமின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் சேர்த்து எழுதித்தர வேண்டும்.