காவிரியும் கதிரவனும்

தஞ்சைத் தரணியில் வயலுக்கு வந்த நீரின் வரலாற்றை அறிந்தோர் பலர். வீட்டிற்கு வந்த விளக்கின் வரலாற்றை எண்ணுவோர் சிலரே. அதனைச் சுருங்கச் சொல்ல விழைகிறேன்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1937-இல், அவ்வணையினின்று வயல்களை நாடிப் பாயும் நீரே சக்கரங்களைச் சுழற்றி மின்சாரமும் தரலாயிற்று. நெல்லை விளைவித்த காவிரி ஒளியையும் விளைவித்தாள். பின்னர் அனல் நிலையங்களும் காற்றாலைகளும் அதே கம்பி வலையிற் பிணைந்தன.

ஆயினும் வலை அறுந்தால் யாது செய்வது? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. சிற்றூர்கள் பலவற்றில் நாட்கணக்கில் விளக்கில்லை; மோட்டார் ஓடாமையால் குடிநீருக்கும் தட்டுப்பாடு.

அந்நாட்களில் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றில் ஓரிரவு தங்கினேன். ஒரு சிறு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. கூரையிற் சூரியத் தகடு, உள்ளே ஒரு பாட்டரி, அவ்வளவே. கைப்பேசிக்கு மின்னேற்ற அயலார் அங்கே காத்திருந்தனர். அதே தெருவில் ஒரு மாடி வீடு, அதன்மேல் தகடுகள் பல, உள்ளேயோ இருள். விந்தையாகத் தோன்றுகிறதன்றோ?

காரணம் எளிது. மாடி வீட்டுத் தகடுகள் பாட்டரியின்றி, பொது மின்வலையோடு இணைந்தவை. வலையில் மின்சாரம் நின்றால் அவ்வமைப்பும் தானே நின்றுவிடும். நில்லாவிடில், கம்பியைச் செப்பனிடும் தொழிலாளியின் உயிருக்கே கேடு நேரும். ஆகவே அது பழுதன்று, பாதுகாப்பு.

இருவகைக்கும் நிறைகுறை உண்டு. தனித்த அமைப்பில் பாட்டரியின் விலை மிகுதி. சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். இணைந்த அமைப்பிலோ மிஞ்சிய மின்சாரத்தை வலைக்கு அளித்துக் கட்டணத்தைக் குறைக்கலாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிற்கும் 5 சூரிய விளக்குகளை வகுத்தது. 2024-இல் நடுவணரசு தொடங்கிய திட்டமோ, ஒரு கோடி வீட்டுக் கூரைகளை மின்வலையோடு இணைக்க முனைந்தது.

நம் முன்னோர் ஆற்று வாய்க்காலை நம்பினர். எனினும் ஊருக்கொரு குளம் வெட்ட மறந்தாரல்லர். வாய்க்கால் வற்றிய நாளில் குளம் காத்தது. மின்வலை நமக்கு வாய்க்கால், பாட்டரி, குளம். வலையோடு இணைந்த வீட்டிலும் இரண்டு விளக்குக்கேனும் ஒரு சிறு பாட்டரி இருத்தல் நன்று. புயல் கண்ட நாட்டில் அது ஆடம்பரமன்று; முன்னறிவேயாம்.