தூக்கி எறிகிற இலை

ராஜபாளையத்தில் ஒரு மளிகைக் கடை. ‘‘அண்ணாச்சி, அம்பது கிராம் பிரிஞ்சி இலை’’ என்றேன். பாக்கெட்டில் ‘பே லீஃப்’ என்று அச்சடித்திருந்தது. அங்கேதான் ஆரம்பித்தது குழப்பம்!

அசல் ‘பே லாரல்’ மத்திய தரைக்கடல் பக்கத்து மரம். கிரேக்க நாட்டு டெல்ஃபியில் போட்டியில் ஜெயித்தவனுக்கு அதன் தழையைத்தான் கிரீடமாகச் சூட்டினார்கள். சூடிய மாலையின் மரியாதையை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன! அந்த மரத்தைத் தொட்டியிலும் வைக்கலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. ஆமை வேகத்தில்தான் வளரும்.

நம்ம பிரிஞ்சி இலை அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பட்டை மரத்துக்கோ கூடப்பிறந்தது. லாரல் இலையில் நடுநரம்பு ஒன்றுதான். நம்முடையதில் காம்பிலிருந்து நுனியை நோக்கி மூன்று நரம்புகள் ஓடும். பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்... மூன்றுதான்!

பிரியாணியில் நாம் ஓரங்கட்டுகிற இந்த இலைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சமஸ்கிருதத்தில் தமாலபத்ரம். கிரேக்கர்கள் முதல் எழுத்தை முழுங்கி ‘மலபத்ரம்’ ஆக்கினார்கள். ‘பெரிப்ளுஸ்’ என்ற கி.பி. முதல் நூற்றாண்டுக் கடல்வழிக் கையேடு, சேரநாட்டு முசிறியில் கப்பலேறிய சரக்குகளில் இதையும் சொல்கிறது. உள்நாட்டிலிருந்து வந்ததாம். ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே, அந்த மலைத்தொடருக்கு அந்தப்புறம், வடக்கே தள்ளி இருந்தது முசிறி.

ரோமாபுரியில் வாசனைத் தைலத்துக்கும் ஒயினுக்கும் இது வேண்டும். அங்கே பிளினி விலை எழுதி வைத்திருக்கிறார். கருமிளகு ராத்தல் 4 தினாரியம். இந்த இலை 60! பைபிள் கதையில் திராட்சைத் தோட்டத்துக் கூலி நாளுக்கு ஒரு தினாரியம். பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? ஒரு ராத்தல் இலைக்கு இரண்டு மாதக் கூலி!

மலையேறிப் பறித்தவனுக்கு அதில் எவ்வளவு போனது? அந்தப் பற்று மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் உறவு மரங்கள் உண்டு. ஆனால் நினைத்தபடி ஏறிப் பறிக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம்.

‘‘இது எந்த ஊர்ச் சரக்கு அண்ணாச்சி?’’

‘‘வடக்கே இருந்து வருது சார். பறிச்சது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?’’

பிளினிக்கும் தெரிந்திருக்காது.