திரைக்கு அப்பால் ஒரு செவி: தொலைவழி மனநல ஆலோசனையின் வரலாறு

மனத்துயரைச் சொல்பவரும் அதனைக் கேட்பவரும் ஓரறையில் இருந்தே ஆகவேண்டுமா? 2020ஆம் ஆண்டு இவ்வினாவை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாளும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் நாளும் கிருமிப்பரவலைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. மனநல ஆலோசகர் பலரும் அவர்களை நாடுவோரும் காணொளித் திரைக்கு இடம்பெயர்ந்தனர். ஆயினும், இவ்வினா அன்று பிறந்ததன்று.

குதிரைக்கு அஞ்சிய சிறுவன் ஒருவனைப் பற்றிச் சிக்மண்ட் பிராய்ட் 1909இல் எழுதினார். அச்சிறுவனுக்கான சிகிச்சை பெரும்பாலும் அவனுடைய தந்தை வழியாகவே நடந்தது. 1953இல் சாட் வாரா என்னும் பாதிரியார் லண்டனில் தொலைபேசிவழி உதவியைத் தொடங்கினார். அம்மரபில் 1969இல் சிங்கப்பூரிலும் 1970இல் கோலாலம்பூரிலும் துயர் கேட்கும் அமைப்புகள் தோன்றின. ஒலியுடன் உருவமும் சேர்ந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில். அங்குள்ள மனநல மருத்துவ நிலையம் 1959 முதல் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தியது. 1964இல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நார்ஃபோக் மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. சிறுவர், பதின்ம வயதினர் போன்ற சிலருக்கு நேர்ச்சந்திப்பைவிடத் திரையே கூடுதல் பயன் தரலாம் என 1973இல் மருத்துவர் தாமஸ் டுவையர் எழுதினார்.

மொழியியல் நோக்கில் இங்கு நிகழ்வது யாது? உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கே கழிகிறது. இணையத் தாமதம் அவ்விடைவெளியை நீட்டும்போது, தாமதம் தயக்கமாகத் தோன்றுகிறது. கதை சொல்பவருக்கு ஊங்கொட்டுதல் நம் வழக்கம். இருவர் ஒலியும் ஒருங்கே எழும்போது ஒன்றை அடக்கும் கருவிகள் அந்த ‘ஊம்’ ஒலியையே விழுங்கிவிடுகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்குத் தனி இயலே வகுத்தார்; திரையோ பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடுகிறது. பிசையும் கையும் நடுங்கும் காலும் ஆலோசகர் கண்ணுக்கு எட்டுவதில்லை.

அவ்வாண்டில் துணைவியாரை இழந்த நாமும் சில வாரங்கள் திரைவழியே ஆலோசனை பெற்றோம். முதல் நாள் இணைப்பு தடைப்பட்டது. அசைவற்று நின்ற முகத்தைப் பொறுமையுடன் கேட்கும் முகமென எண்ணி நெடுநேரம் பேசிவிட்டோம். மீண்டும் இணைந்த ஆலோசகர், “ஐயா, நீங்கள் சொன்னது கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல முடியுமா?” என்றார். அதனை இரண்டாம் முறை சொல்ல நம்மால் இயலவில்லை.

அடுத்த வாரம் அவரே ஒரு வழி கண்டார். “நீங்கள் நிறுத்தும் இடந்தோறும் ‘ம்’ என்று வாய்விட்டுச் சொல்கிறேன், ஐயா. அது கேட்காவிட்டால் இணைப்பு போய்விட்டது என்று கொள்ளுங்கள்” என்றார். அன்று விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தோம். நேரில் தலையசைப்பால் முடிவதைத் திரையில் ஒலியாக்கித் தரவேண்டியிருந்தது. நாள்முழுதும் இவ்வாறு செய்யும் ஆலோசகரின் களைப்பையும் அன்றுதான் உணர்ந்தோம்.

திரையால் விளைந்த நன்மையும் பெரிது. நடமாட இயலாத முதியவர் தம் நாற்காலியிலிருந்தே பேசலாம். அருகில் தமிழறிந்த ஆலோசகர் இல்லாதவர் தொலைவில் உள்ளவரைத் தமிழிலேயே நாடலாம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் குடும்பத்தார் சூழ வாழ்பவருக்குத் தாழிட ஓர் அறை வேண்டும். அஃதில்லாதவர் மாடிப்படியிலும் காரிலும் அமர்ந்து தாழ்குரலில் பேச நேர்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே, திரையில் ஒருவர் மௌனமாக இருந்தால் அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு செய்தல் கூடாது. இணைப்பு தடைப்பட்டிருக்கலாம், பக்கத்து அறையில் ஒருவர் இருக்கலாம். கடிதம், தொலைபேசி, தொலைக்காட்சி, காணொளி எனக் கருவிகள் மாறிவந்துள்ளன. கேட்கிறோம் என்பதைத் துயருறுபவர் உணரச்செய்யும் கடமை மாறவில்லை. அதற்குச் சில வேளைகளில் ஒரு ‘ம்’ போதும்.