ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.)

குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கினர், இருவருமே குடிநோயாளிகள். குடியிலிருந்து மீள இது காட்டும் பன்னிரண்டு படிகள் 1939-இல் நூலில் வெளியாயின.

தமிழ்நாட்டிலும் குழுக்கள் உள்ளன. கூடும் இடத்தையும் நேரத்தையும் ஏ.ஏ. உதவி எண்ணிலோ குடிநோய் சிகிச்சை மையத்திலோ கேட்டறியலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். பதிவேடு, கட்டணம் கிடையாது. செலவுக்குச் சுற்றிவரும் பையில் உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று பேசத் தொடங்குவார். நடுவில் யாரும் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ இல்லை. வீட்டில் ஏச்சும் அறிவுரையுமே கேட்டுப் பழகியவருக்கு இது பேராறுதல். புதியவர் பேசாமலும் இருக்கலாம். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தாருக்கு 1951-இல் அமைந்த அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு.