இருட்டறையிலிருந்து கணினித் திரைக்கு



எங்கள் பாடசாலையில் பத்தாந் தரத்தில் பயிலும் மாணவி ஒருத்தி, தன் அம்மம்மாவின் பழைய நிழற்படம் ஒன்றைக் கணினியிற் சீர்செய்து கொண்டிருந்தாள். மூலை கிழிந்து, முகம் கறுத்துப் போன படம். அக்குடும்பத்தில் எஞ்சியிருப்பது அந்த ஒரு படந்தான். போட்டோஷொப் மென்பொருளின் இடப்புறத்தே நிற்கும் கருவிகளுள் ஒன்றைச் சுட்டி, "சேர், முகத்தை வெளிச்சமாக்குகிற கருவிக்கு ஏன் குச்சியிற் செருகிய வட்டம்?" என்று வினவினாள். கருவி எங்கே இருக்கிறதென்று காட்டிவிடுதல் எளிது. அது ஏன் அவ்வுருவில் இருக்கிறதென்று கூறுவதற்கு வரலாறு வேண்டும்.

பிலிமில் பதியும் உருவம் மறுதலையானது. அதனூடாக ஒளியைப் பாய்ச்சித் தாளில் அச்சிடும்போது, ஒளி மிகுதியாகப் பட்ட இடம் கறுக்கும். குறைவாகப் பட்ட இடம் வெளிறும். ஆகவே, முகம் கறுத்துவிடும் என்று கண்ட படப்பிடிப்பாளர், கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையொன்றை ஒளிக்குக் குறுக்கே சில விநாடி பிடிப்பார். அட்டையை ஆடாமற் பிடித்தால் அதன் விளிம்பு தாளில் விழுந்துவிடும். ஆதலால் மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார். வானம் வெளிறிப் போனாலோ, இரு கைகளையும் குவித்து, நடுவே ஒரு துளை விட்டு, அவ்விடத்துக்கு மட்டும் மேலும் ஒளி கொடுப்பார். அந்த வட்ட அட்டையும் குவிந்த கையுமே இன்று திரையில் நாம் காணும் சின்னங்கள். ஒளியைத் தடுத்தால் வெளிறும், கூட்டினால் கறுக்கும் என்ற விந்தையை அறியாத மாணவர் இவ்விரண்டையும் மாற்றி எடுத்துத் திண்டாடுவதில் வியப்பில்லை. சிறுவனாயிருந்த காலத்தில் எங்களூர் ஸ்ரூடியோ ஒன்றின் இருட்டறையுள் நான் ஒருமுறை நின்றதுண்டு. சிவந்த விளக்கொளியில், வெறுந்தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்ததை இன்றும் மறந்தேனில்லை.

கருவிகளை இடப்புறத்தே பெட்டியாக அடுக்கும் வழக்கத்தைப் பரப்பியது 1984இல் மக்கின்ரொஷ் கணினியோடு வந்த மக்பெயின்ற். அதனை ஆக்கியவர் பில் அற்கின்சன். சுருக்குக் கயிறு, வண்ண வாளி, பென்சில், அழிப்பான் ஆகியன கறுப்பு வெள்ளைத் திரையில் அப்போதே இருந்தன. 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான தோமஸ் நோல், சாம்பல் நிறப் படங்களைத் திரையிற் காட்டும் நிரலொன்றை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சித் துறையிற் பணியாற்றிய அவருடைய தம்பி ஜோன் நோல் துணைநிற்க, அது வளர்ந்து, 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் போட்டோஷொப்பாக வெளிவந்தது. இச்சகோதரரின் தந்தையார் வீட்டின் நிலவறையில் இருட்டறை வைத்திருந்தவர். மகன் தோமஸ் அங்கே அச்சிடப் பழகியவர். கணினிக்குள் இருட்டறை புகுந்த வழி அதுதான்.

கருவிச் சின்னத்தின் மூலையிற் சிறு முக்கோணம் இருந்தால், அதனை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடியில் மறைந்திருக்கும் கருவிகள் அப்போது வெளிப்படும். இதனை அறியாது, இல்லாத கருவியைத் தேடி ஒரு பாடவேளையைக் கழித்தோர் பலர், நானும் ஒருவன்.

முத்திரைக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். ஓல்ற் விசையை அழுத்தியபடி நல்ல இடமொன்றைச் சொடுக்கி, பின் பழுதான இடத்தின் மீது தேய்த்தால், நல்லது பழுதின் மேற் படியும். இதையொத்த காரியத்தைத் தூரிகை கொண்டு செய்தோர் முன்னரும் இருந்தனர். மொஸ்கோ-வொல்கா கால்வாய்க் கரையில் ஸ்ராலினுக்கு அருகே நின்ற நிக்கொலாய் யெசோவ் 1940இல் கொல்லப்பட்டார். பின்வந்த அச்சுகளில் அவர் நின்ற இடத்தில் நீர் மட்டுமே இருந்தது.

இக்கதையையும் மாணவிக்குச் சொன்னேன். அவள் கிழிந்த மூலையை முத்திரையால் நிரப்பினாள். முகத்தைச் சற்று வெளிறச் செய்தாள். அம்மம்மாவின் நெற்றியிலிருந்த தழும்பை மட்டும் தொடவில்லை. திருத்தாத படத்தையும் வேறு பெயரிற் சேமித்து வைத்துவிட்டே வீடு சென்றாள்.